ஒரே நிரல், மூன்று தளங்கள்

நிரல் எழுதுவது ஒரு வேலை. அதைப் பிறர் கையாளும்படி செய்வது இன்னொரு வேலை. ஆய்வுக்கூடத்திற்காக நம்மில் பலர் சிறு நிரல்கள் எழுதுகிறோம். எழுதியவர் கட்டளை வரியில் நான்கு எண்களைத் தட்டி அதை ஓட்டிவிடுவார். அடுத்த மேசை நண்பருக்கோ சாளரம் வேண்டும், பொத்தான் வேண்டும், வரைபடமும் வேண்டும். அவரிடம் இருப்பது விண்டோஸ், நம்மிடம் லினக்ஸ், பேராசிரியரிடம் மேக். ஒரே நிரலை மூன்று முறை எழுதுவதா? இவ்வினாவுக்கு விடையாகத் தோன்றியவையே பல தளங்களுக்குப் பொதுவான இடைமுகக் கருவித்தொகுதிகள். அவற்றுள் மூலநிரல் திறந்துவைக்கப்பட்ட சிலவற்றை இங்கே காண்போம்.

தோன்றிய வரலாறு

இவற்றுள் பெரும்பாலானவை பல்கலைக்கழகச் சூழலில் பிறந்தவை என்பது மாணவர்களாகிய நாம் கருதத்தக்கது. டிகே என்பதை 1991இல் வெளியிட்டவர் ஜான் ஔஸ்டர்ஹவுட். அப்போது அவர் பெர்க்லியில் பேராசிரியர். 1992இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்மார்ட் என்பவருக்கு யூனிக்ஸ் பொறிகளிலும் விண்டோஸிலும் ஓடும் நிரல் ஒன்று தேவைப்பட்டது. அதற்காக அவர் தொடங்கியதே இன்றைய டபிள்யூ.எக்ஸ்.விட்ஜெட்ஸ். நார்வேயில் ஹாவார்ட் நோர்ட், ஐரிக் சாம்பே-எங் என்ற இருவர் 1991இல் எழுதத் தொடங்கி 1995இல் வெளியிட்டது க்யூட். ஜி.டி.கே.யின் கதை இன்னும் சுவையானது. பெர்க்லி மாணவர்களான பீட்டர் மாட்டிஸ், ஸ்பென்சர் கிம்பால் ஆகியோர் ஜிம்ப் என்னும் படத்திருத்த நிரலை மோட்டிஃப் என்ற தனியுரிமைத் தொகுதியின்மேல் எழுதினர். அது தங்கள் தேவைக்குப் பொருந்தாது போகவே, சொந்தமாக ஒன்றைச் செய்துகொண்டனர். அதுவே ஜி.டி.கே.

இயங்கும் முறை

ஒவ்வொரு தளமும் சாளரம் திறப்பதற்குத் தனித்தனி வழி வைத்திருக்கிறது. கருவித்தொகுதி நடுவே நின்று மொழிபெயர்ப்பாளன் வேலையைச் செய்கிறது. “ஒரு பொத்தான் வை” என்று நாம் ஒருமுறை சொன்னால், அந்தந்தத் தளத்திற்கு ஏற்றவாறு அது வைத்துக்கொடுக்கும்.

இதில் இரு வழிகள் உண்டு. டபிள்யூ.எக்ஸ்.விட்ஜெட்ஸ் தளத்தின் சொந்தப் பொத்தானையே கேட்டு வாங்கி வைக்கும். ஆதலால் நிரல் அந்தத் தளத்திலேயே பிறந்தது போலத் தோன்றும். ஆனால் தளத்துக்குத் தளம் சிறு வேறுபாடுகள் தலைகாட்டும். க்யூட்டும் ஜி.டி.கே.யும் பொத்தானைத் தாமே வரைகின்றன. எங்கும் ஒரே நடத்தை கிடைக்கும். தளத்தின் சாயலை அச்சாகக் கொண்டுவருவது கடினம். 2013இல் தோன்றிய எலக்ட்ரான் மூன்றாவது வழியில் செல்கிறது. ஒவ்வொரு நிரலோடும் ஓர் உலாவியையே சேர்த்துக் கட்டித் தருகிறது. எழுதுவது எளிது, ஆனால் ஒரு சிறு கணக்குப்பெட்டிக்கும் முழு உலாவியின் சுமை வந்துசேரும்.

வழி எதுவாயினும், எல்லாவற்றிலும் ஓடுவது ஒரு நிகழ்ச்சிச் சுழல். நிரல் காத்திருக்கிறது, பயனர் பொத்தானை அழுத்துகிறார், அதற்குரிய செயற்கூறு அழைக்கப்படுகிறது, அது முடிந்ததும் நிரல் மீண்டும் காத்திருக்கிறது. அச்செயற்கூறு முப்பது விநாடி கணக்குப் போட்டால், அந்த முப்பது விநாடியும் சாளரம் உறைந்து நிற்கும். ஆகவே நீண்ட கணக்கைத் தனி இழையில் ஓட்டி, விடையை மட்டும் முதன்மை இழைக்கு அனுப்புதல் வேண்டும். சாளரத்தைத் தொடும் உரிமை முதன்மை இழைக்கே உரியது. ஆய்வுக்கூட நிரல் எழுதுவோர் முதலில் கற்க வேண்டிய பாடம் இதுவே.

உரிமத்தின் வலிமை

க்யூட் தொடக்கத்தில் முழுச் சுதந்திர உரிமத்தில் வரவில்லை. 1996இல் தொடங்கிய கே.டி.ஈ. மேசைத்தளம் அதன்மேல் எழுந்தபோது, கட்டற்ற மென்பொருளை விரும்பியோர் கவலைகொண்டனர். அடித்தளம் ஒரு நிறுவனத்தின் கையில் இருந்தால் மேலே கட்டிய வீடு யாருடையது? இக்கவலையிலிருந்தே 1997இல் க்னோம் திட்டம் பிறந்து, ஜி.டி.கே.யைத் தேர்ந்துகொண்டது. 2000இல் க்யூட் ஜி.பி.எல். உரிமத்திலும், 2009இல் எல்.ஜி.பி.எல். உரிமத்திலும் கிடைக்கலாயிற்று. ஆக, ஓர் உரிமம் இரண்டு மேசைத்தளங்களுக்குக் காரணமாயிற்று. நாமும் தொகுதியைத் தேர்ந்தெடுக்குமுன் உரிமத்தைப் படித்துவிடுவது நன்று.

தமிழும் சாளரமும்

நம்மை நேரே தொடும் பகுதி இது. “தமிழ்” என்ற சொல்லில் நமக்கு எழுத்து மூன்று. ஒருங்குறியில் குறியீடு ஐந்து. பெயர் எழுதும் பெட்டிக்குக் குறியீட்டுக் கணக்கில் பத்து என வரம்பு வைத்தால் தமிழ்ப் பெயர் பாதியில் அறுபடும். “கொ” என்பதில் ககரத்தின் குறியீட்டுக்குப் பின் வரும் உயிர்க்குறி, திரையில் அதன் இருபுறமும் பிரிந்து நிற்க வேண்டும். இவ்வேலையை ஹார்ஃபஸ் என்னும் திறந்த நூலகம் செய்கிறது, க்யூட்டும் ஜி.டி.கே.யும் அதன் துணையைக் கொள்கின்றன.

அளவும் கருதத்தக்கது. ஆங்கிலச் சொல்லின் அகலத்திற்குப் பொத்தானை ஆணியடித்தாற்போல் வைத்தால், “அமைப்புகள்” என்ற சொல் அதில் அடங்காது. உள்ளடக்கத்துக்கேற்ப விரியும் தளவமைப்பு எல்லாத் தொகுதிகளிலும் உண்டு, அதையே ஆளவேண்டும். திரையில் தோன்றும் சொற்களை நிரலுக்குள் புதைக்காமல் மொழிபெயர்ப்புக் கோப்பில் வைத்தால், பின்னர் எவரும் தமிழாக்கம் செய்யலாம்.

எதைத் தேர்வது?

பைதான் அறிந்தவர் டிக்கிண்டரில் தொடங்கலாம். ஒரே மாலையில் முதற்சாளரம் திறந்துவிடும். வரைபடங்கள் மிகுந்த பெரிய நிரலுக்கு க்யூட் பொருந்தும். அதைப் பைதானிலிருந்து ஆள பைசைடு உள்ளது. லினக்ஸே முதன்மை எனில் ஜி.டி.கே. தளத்தின் இயல்பான தோற்றம் வேண்டுமெனில் டபிள்யூ.எக்ஸ்.விட்ஜெட்ஸ்.

இக்கருவிகளைச் செய்தோரிற் சிலர் நம்மைப் போன்ற மாணவர்களே. தம் கைவேலைக்குத் தேவைப்பட்டதைச் செய்தார்கள். பிறகு உலகுக்குத் திறந்துவைத்தார்கள். இந்த விடுமுறையில் நம் சங்க அன்பர்கள் ஒவ்வொருவரும் ஒரு சிறு நிரலுக்குத் தமிழ்ச் சாளரம் ஒன்று அமைப்பார்களாக. அடுத்த மேசை நண்பர் அதைக் கையாளும்போது நம் உழைப்பின் பயன் விளங்கும்.