குறைமாதக் குழந்தையும் மார்புச் சூடும்

ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து, பிரசவத்துக்குத் தாய்வீடு செல்ல ரயில் டிக்கெட்டும் எடுத்தாயிற்று. அன்றிரவே வலி கண்டுவிட்டால்? ஊரைவிட்டுத் தலைநகரில் தனித்து வாழும் நம் குடும்பங்கள் கலங்கிப்போவது இயல்பே. அந்நேரத்தில் கைகொடுக்கும் சில செய்திகளை அறிவோம்.

37 வாரம் நிறையுமுன் பிறப்பது குறைமாதக் குழந்தை. தோலுக்கடியில் கொழுப்பு குறைவாதலால் அதன் உடல் விரைவில் குளிர்ந்துவிடும். நுரையீரலும் முதிர்ந்திராது. பிரசவத்துக்கு முன்பே தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி நுரையீரல் முதிர உதவும். எனவே வலியோ, நீர்க்கசிவோ, உதிரப்போக்கோ கண்டால் விடியட்டும் என்று காத்திராதீர்கள். பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு உடனே செல்லுங்கள்.

1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர்கள் போதவில்லை. டாக்டர் எட்கர் ரே சனாப்ரியா, குழந்தையைத் தாயின் மார்போடு தோலும் தோலும் படும்படி அணைத்து வைக்கும் முறையைத் தொடங்கினார். இதுவே 'கங்காரு பராமரிப்பு'.

குழந்தையின் நிலை சீரான பிறகே இதைத் தொடங்குவது வழக்கமாக இருந்தது. தில்லி சப்தர்ஜங் மருத்துவமனையும் பங்குகொண்ட ஐந்து நாட்டு ஆய்வு 2021-இல் வெளியானது. பிறந்தவுடனே தொடங்கியதால், 1 கிலோ முதல் 1.8 கிலோவுக்குள் இருந்த குழந்தைகளின் இறப்பு கால் பங்கு குறைந்தது.

குளிப்பாட்டுவது, சேனை வைப்பது இரண்டும் வேண்டாம், தாய்ப்பாலே மருந்து. தாய் எழ இயலாத நிலையில் இருந்தால், மருத்துவர் சொற்படி தந்தையோ பாட்டியோ மார்பில் ஏந்தலாம். வெளியே கைபிசைந்து நிற்பவருக்கும் அங்கே வேலை உண்டு.