தாடிக்காரருக்கு எந்த மாஸ்க்?

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது, அது ஸ்லீப் ஆப்னியா, மாத்திரையில் தீராது, ராத்திரி முழுக்கக் காற்றழுத்தம் கொடுக்கும் சிபாப் மெஷின் வைத்துக்கொண்டுதான் தூங்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மெஷினும் வாங்கியாயிற்று. இதுவரை வந்தவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை. அவர்களிலும் முகத்தில் முடி வைத்திருப்பவர்களுக்கு.

நான் வடசென்னையில் தூக்கப் பரிசோதனை டெக்னீஷியனாக இருப்பவன். துறைமுகத்துக்கு கன்டெய்னர் ஏற்றிவரும் டிரெய்லர் ஓட்டுநர்கள், காசிமேட்டுப் படகுக்காரர்கள், மணலி, எண்ணூர் கம்பெனிகளில் ஷிஃப்ட் பார்ப்பவர்கள் என்று வருகிறவர்கள் பலதரப்பட்டவர்கள். மெஷின் விஷயத்தில் எல்லோரும் டாக்டர் சொல்படி கேட்கிறார்கள். மாஸ்க் என்று வந்ததும் குடும்பம் உள்ளே புகுந்துவிடுகிறது. துபாயில் இருக்கும் மகன் ஒன்றை அனுப்பிவிடுகிறான். மருமகள் ஆன்லைனில் நட்சத்திரங்களை எண்ணி ஆர்டர் போடுகிறாள். கடைக்குப் போகிறவர்கள், "பெருசா, நல்லதா குடுங்க சார், அப்பாவுக்கு மூச்சுப் பிரச்சினை" என்கிறார்கள். கொரோனா சமயத்தில் ஆஸ்பத்திரியில் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடிய பெரிய மாஸ்க் பலரைக் காப்பாற்றியதைப் பார்த்த ஊர் இது. பெரியதுதான் பத்திரம் என்ற எண்ணம் அப்போது மனதில் விழுந்தது, இன்னும் போகவில்லை.

மாஸ்க் வகைகளைக் கடைக்காரரே காட்டிவிடுவார். மூக்குத் துவாரத்தின் வாயில் இரண்டு சிறு சிலிக்கான் குமிழாக உட்காருவது நேசல் பில்லோ. மூக்கை மட்டும் முக்கோணமாக மூடுவது நேசல் மாஸ்க். மூக்கு, வாய் இரண்டையும் மூடுவது ஃபுல் ஃபேஸ். இவற்றை ஒட்டிப் பிறந்த கலப்பு ரகங்களும் உண்டு. தாடி வைத்தவர் கம்பெனிப் பெயரையும் விலையையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சிலிக்கான் விளிம்பு முகத்தில் எந்த வழியாகப் போகிறது, அந்த வழியில் முடி இருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

கெமிக்கல் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள் இங்கே ஒரு சந்தேகம் கேட்பார்கள். விஷவாயு மாஸ்க் போடுகிறவர் தாடையைச் சுத்தமாக வழித்திருக்க வேண்டும் என்று சேஃப்டி ஆபீசர் விரட்டுவாரே, இதற்கும் அதுதானே விதி? இல்லை. வாயு மாஸ்க்கில் நாம் மூச்சை இழுக்கும்போது உள்ளே அழுத்தம் குறைகிறது, இடுக்கு இருந்தால் விஷம் உள்ளே வருகிறது. சிபாப்பில் அழுத்தம் எப்போதும் உள்ளேதான் அதிகம். இடுக்கு இருந்தால் காற்று வெளியே போகும், அவ்வளவுதான். நாம் விடும் கரியமில வாயு வெளியேறவேண்டும் என்பதற்காக மாஸ்க்கிலேயே வேண்டுமென்று துளைகள் வைத்திருக்கிறார்கள் (சத்தம் வருகிறதென்று அதை டேப் போட்டு அடைத்துக்கொண்டு வந்தவரைப் பார்த்திருக்கிறேன், அதைச் செய்யவே கூடாது). சின்ன லீக்கை மெஷின் தானே ஈடுகட்டிக்கொள்ளும். ரெஸ்மெட் மெஷினில் இந்தத் துளைகள் போக, வீணாகும் காற்று நிமிடத்துக்கு 24 லிட்டரைத் தாண்டினால்தான் கவலைப்பட வேண்டும். ஆகவே, "தாடியை எடுத்துவிட்டு வாங்க" என்று யாராவது எடுத்த எடுப்பில் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். மார்க்கத்துக்காகத் தாடி வைத்திருக்கும் பெரியவரிடம் அப்படிச் சொல்வது மரியாதையும் இல்லை, தேவையும் இல்லை.

இனி அந்தப் பெரிய மாஸ்க்.

ஃபுல் ஃபேஸின் விளிம்பு மூக்குத் தண்டின் மேலே தொடங்கி, இரண்டு கன்னங்களிலும் இறங்கி, கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் நடுவே முடிகிறது. தாடிக்காரருக்கு அதில் பாதி வழி முடியின் மேல்தான். திருவொற்றியூரிலிருந்து வந்த ஒரு டிரெய்லர் ஓட்டுநருக்கு மகன் வாங்கிக் கொடுத்தது இதுதான், அதுவும் விலை கூடிய ரகம். படுக்கவைத்து மெஷினை ஓடவிட்டேன். அழுத்தம் பத்தைத் தொட்டதும் தாடை ஓரத்தில் தாடி முடி படபடவென்று ஆடியது. அவர் கை தானாகப் பின்னால் போய் ஸ்ட்ராப்பை இழுத்தது. ஏற்கெனவே வெல்க்ரோவின் நுனி காதைத் தாண்டி வந்திருந்தது. "இதைப் போட்டா வெல்டிங் அடிக்கற மாதிரி இருக்கு சார்" என்றார். மூக்குத் தண்டில் தோல் உரிந்த தழும்பு, கண்ணில் சிவப்பு.

ஸ்ட்ராப்பை இறுக்குவதில்தான் எல்லாம் கெடுகிறது. அந்த சிலிக்கான் இரண்டு அடுக்காகச் செய்யப்பட்டது. முகத்தைத் தொடும் மெல்லிய அடுக்கு காற்றில் லேசாக உப்பி முகத்தோடு ஒட்ட வேண்டும். இறுக்கினால் அது நசுங்கி மடிப்பு விழும், மடிப்பு வழியாக லீக் இன்னும் கூடும், அதுவும் மேல்நோக்கிக் கண்ணுக்குப் போகும். இன்னொன்று, இறுக்கிய மாஸ்க் முகவாயைப் பின்னால் தள்ளுகிறது. முகவாயோடு நாக்கின் அடியும் பின்னால் போகிறது. எந்தத் தொண்டையைத் திறந்து வைக்க மெஷின் வாங்கினோமோ அது குறுகுகிறது. அழுத்தத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் ஆட்டோ மெஷினாக இருந்தால் உடனே அதைக் கூட்டும். அழுத்தம் கூடினால் தாடிப் பக்கம் லீக் கூடும். தூக்கம் கலைந்தவர் மறுபடி ஸ்ட்ராப்பை இழுப்பார்.

தாடி இல்லாதவருக்கும்கூட ஃபுல் ஃபேஸ் முதல் தேர்வு ஆகாது. 1980-ல் சிட்னியில் டாக்டர் காலின் சல்லிவன் இந்த வைத்தியத்தை முதன்முதலில் செய்துபார்த்தபோது, வாக்குவம் கிளீனர் மோட்டாரைத் திருப்பிப் போட்டு ஊதவிட்டார், காற்றை மூக்கு வழியாகத்தான் கொடுத்தார். 1981-ல் லான்செட் இதழில் அது வெளியானது. அதற்கு முன்பு கடுமையான நோயாளிக்கு இருந்த ஒரே நம்பகமான வழி தொண்டையில் துளை போடுவதுதான். ஆரம்ப நோயாளிகள் ராத்திரிக்கு ராத்திரி மாஸ்க்கைப் பசை போட்டு மூக்கில் ஒட்டிக்கொண்டு தூங்கினார்கள். மூக்கு வழியாகப் போகும் காற்று அண்ணத்தின் மென்பகுதியையும் நாக்கையும் முன்னால் தள்ளி வழிவிடுகிறது. வாய்க்குள்ளும் அதே அழுத்தம் இருந்தால் அந்தத் தள்ளு குறைந்துபோகிறது. மூக்கு வழி மாஸ்க்கையும் ஃபுல் ஃபேஸையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் ஃபுல் ஃபேஸ்காரர்களுக்கு அழுத்தமும் லீக்கும் கூடுதலாக இருப்பதும், அவர்கள் மெஷினைக் குறைந்த நேரமே போடுவதும் தொடர்ந்து தெரிகிறது.

"நான் வாயால்தான் மூச்சு விடுகிறேன், எனக்கு வேறு வழி இல்லை" என்பார்கள். பலர் வாயைத் திறப்பதே மூச்சு அடைபடுவதால்தான். மூக்கு வழியாக அழுத்தம் சரியாகக் கிடைத்ததும் வாய் மூடிக்கொள்வதை அடிக்கடி பார்க்கிறேன். சோதித்துப் பாருங்கள்: வாயை மூடி ஐந்து நிமிடம் மூக்கால் மட்டும் மூச்சு விடுங்கள், பிறகு படுத்துக்கொண்டு அதையே செய்யுங்கள். முடிகிறதென்றால் ஃபுல் ஃபேஸுக்குப் பணம் கொடுக்காதீர்கள். முடியவில்லையென்றால் மூக்குக்கு வைத்தியம் பாருங்கள். தண்டு வளைந்திருக்கலாம், சதை வளர்ந்திருக்கலாம், அலர்ஜியாக இருக்கலாம். ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது, பஸ் ஏறினால் போய்விடலாம். மூக்கைத் திறப்பதை விட்டுவிட்டு வாயையும் சேர்த்து மூடுவதற்கு மாஸ்க் தேடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

சிலருக்கு ஃபுல் ஃபேஸ்தான் கதி என்பதையும் சொல்லிவிட வேண்டும். மூக்கைச் சரிசெய்ய முடியாதவர்கள், வாரக்கணக்கில் பார்த்தும் வாய்வழி லீக் நிற்காதவர்கள். அவர்கள் சிலிக்கானுக்குப் பதில் மெமரி ஃபோம் வைத்த ரகத்தைக் கேட்டு வாங்கட்டும். அது முடிக்கு நடுவே கொஞ்சம் இறங்கிப் பிடிக்கும். ஆனால் தண்ணீரில் கழுவக் கூடாது, மாதம் ஒன்று மாற்ற வேண்டும், அந்தச் செலவைக் கணக்கில் வையுங்கள். கீழுதட்டுக்கு அடியில் இருக்கும் குட்டிக் கற்றையை மட்டும் வழித்துவிட்டாலே பாதி லீக் நிற்பதுண்டு, மீதித் தாடி அப்படியே இருக்கலாம். வாந்தி வரும்போல் இருக்கும் ராத்திரியில் இந்த மாஸ்க் வேண்டாம். இதய பேஸ்மேக்கர் வைத்தவர்கள் ஸ்ட்ராப்பில் காந்தக் கொக்கி உள்ள ரகத்தைத் தவிருங்கள். 2022-ல் ஃபிலிப்ஸும் அடுத்த ஆண்டு ரெஸ்மெட்டும் இதைப் பற்றி எச்சரிக்கை கொடுத்திருக்கின்றன.

என் சாய்வு இதற்குள் தெரிந்திருக்கும். எனக்கும் இதே நோய், எனக்கும் மீசை தாடி இரண்டும் உண்டு, பில்லோவில்தான் தூங்குகிறேன். அது தாடியைத் தொடுவதே இல்லை. மூக்குத் துவாரத்தின் விளிம்பில் முடி கிடையாது, அங்கேயே அடைத்துக்கொள்கிறது. அதற்கு எதிரி மீசை ஒன்றுதான். குமிழுக்கு அடியில் அடர்ந்த மீசை இருந்தால் அதைத் தூக்கிவிடும். துவாரத்தை ஒட்டி ஒரு கோடு அளவுக்குக் கத்தரித்தால் போதும், முறுக்குக்கு ஒன்றும் ஆகாது. நேசல் மாஸ்க்கின் கீழ் விளிம்பு மேலுதட்டில் உட்காருவதால் அடர்ந்த மீசைக்காரருக்கு அது தோதுப்படாது. மீசையை ஒட்டக் கத்தரித்துத் தாடியை நீள விடும் பாய்மார்களுக்கு நேசல் மாஸ்க், பில்லோ இரண்டுமே அளவெடுத்த மாதிரி பொருந்துகின்றன. ராயபுரம், மண்ணடிப் பெரியவர்கள் பலருக்கு இதைச் சொன்னபோது முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. கடையில் அவர்களிடம் ஃபுல் ஃபேஸைத்தான் காட்டியிருந்தார்கள்.

பில்லோவில் குறை இல்லாமல் இல்லை. முதல் சில நாட்கள் மூக்கு எரியும். அழுத்தம் பன்னிரண்டு, பதின்மூன்றுக்கு மேல் போனால் சிலருக்குக் காற்று குத்துகிற மாதிரி இருக்கும். ஆட்கள் சின்ன சைஸை எடுத்துத் துவாரத்துக்குள் திணித்துக்கொள்கிறார்கள். அது துவாரத்தின் வாசலில் உட்கார வேண்டியது, உள்ளே போக வேண்டியதில்லை. பெட்டியில் மூன்று சைஸ் வந்தால் பெரியதிலிருந்து தொடங்குங்கள். லாரி கேபினில் தூங்குகிறவர்களுக்கு இதைவிடத் தோதானது இல்லை. எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் துறைமுக கேட்டுக்கு வரிசை நிற்கும்போது லாரி பேட்டரியில் மெஷினை ஓட்ட கன்வெர்ட்டர் கிடைக்கிறது. ஈரப்பதப் பெட்டியை அணைத்துவிட்டால் பேட்டரி தாங்கும், கடலோரக் காற்றில் அதற்கு அவசியமும் குறைவு.

இரண்டு நாள் முள்முடி முழுத் தாடியைவிட மோசம். நீண்ட முடி படியும், முள்முடி சிலிக்கானைத் தூக்கி நிறுத்தும். வழிப்பதானால் தினமும் படுக்கும் முன் வழியுங்கள், வளர்ப்பதானால் வளர விடுங்கள். கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டுத் தாடி வளர்க்கிறவர்கள் ஐப்பசியில் சரியாக இருந்த மாஸ்க்கை மெஷின் கோளாறு என்று தூக்கிக்கொண்டு வருகிறார்கள். மண்டலம் முடியும்வரை ஒரு பில்லோ தனியாக வைத்துக்கொள்ளலாம். இன்றைக்குத் தாடி விடும் இளவட்டங்களுக்கு நோய் வந்த பிறகும் ஃபேஷன் விட மனம் வருவதில்லை. வரவேண்டாம், மாஸ்க்கை அதற்கேற்ப எடுத்தால் போதும்.

எதை எடுத்தாலும் உட்கார்ந்து பார்த்து வாங்காதீர்கள். படுத்தால் கன்னச் சதை இறங்கும், முகமே மாறும். வழக்கமாகப் படுக்கும் பக்கம் படுத்து, உங்கள் அழுத்தத்தில் மெஷினை ஓடவிட்டு, தலையைத் திருப்பிப் பாருங்கள். ஸ்ட்ராப்புக்கு அடியில் இரண்டு விரல் போக வேண்டும்.

பிறகு பொறுமை. மூன்று ராத்திரி போட்டுவிட்டு அலமாரி மேல் தூக்கிப் போடுகிறவர்கள்தான் அதிகம். பக்கத்து வீட்டுக்காரருக்குச் சரியாக இருந்தது எனக்கு ஏன் இல்லை என்கிறார்கள். முகத்துக்கு முகம் வாகு உண்டு, மூக்குக்கு மூக்கு உண்டு.  சாயங்காலம் டிவி பார்க்கும்போது ஒரு மணி நேரம் மாஸ்க்கைப் போட்டு உட்காருங்கள். அழுத்தம் மெதுவாக ஏறும் ராம்ப் வசதியைப் போடுங்கள். ஒரு மாதம் கொடுங்கள், ராத்திரிக்கு நாலு மணி நேரத்தில் தொடங்கிக் கூட்டுங்கள். மெஷினில் இருக்கும் கார்டில் லீக் எவ்வளவு, மூச்சு எத்தனை தடவை நின்றது என்று எல்லாம் பதிவாகும். வீட்டில் ஆளுக்கு ஒன்று சொன்னால் அதை விட்டுவிட்டு அந்தக் கார்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

தாடிக்குத் தேங்காய் எண்ணெய் வைப்பவர்கள் அதைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் பட்டால் சிலிக்கான் வழுக்கும், சீக்கிரம் கெடும். படுக்கும் முன் முகத்தையும் தாடியையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், எழுந்ததும் சிலிக்கான் மாஸ்க்கையும் அப்படியே கழுவி நிழலில் காயவிடுங்கள். மணலி, எண்ணூர் பக்கம் இருப்பவர்கள் மெஷினின் ஃபில்டரை வாரம் ஒருமுறை கழற்றிப் பார்த்து, கறுத்திருந்தால் புத்தகத்தில் போட்ட தேதிக்குக் காத்திராமல் மாற்றிவிடுங்கள்.