மலையேற்ற பூட்ஸ்: விற்பதோடு முடியாத வியாபாரம்

காலணிக் கடைகளுக்கு இப்போது புது மாதிரியான ஒரு வாடிக்கையாளர் வருகிறார். அவர் கேட்பது ஆபீஸ் ஷூ அல்ல, பள்ளிக்கூட ஷூவும் அல்ல. "ட்ரெக்கிங் போகிறோம், நல்ல பூட்ஸ் வேண்டும்" என்கிறார். முன்பு இவரைப் பெருநகரங்களில்தான் காண முடியும். 2024 அக்டோபரில் தமிழக அரசு 14 மாவட்டங்களில் 40 மலையேற்றப் பாதைகளை அறிவித்த பிறகு நடுத்தர ஊர்களிலும் இந்தக் கேள்வி கேட்கிறது. லீவு போட்டு இமயமலைக்குப் புறப்படும் இளைஞர்களும் நாளுக்கு நாள் பெருகி வருகிறார்கள்.

இவருக்கு நம்மில் பலர் எடுத்துக் காட்டுவது என்ன? தொழிற்சாலைக்குப் போடும் இரும்பு முனை சேஃப்டி ஷூ, அல்லது மைதானத்தில் ஓடுகிற ஸ்போர்ட்ஸ் ஷூ. இரண்டுமே நல்ல சரக்குதான். ஆனால் இந்த வேலைக்கு உரியவை அல்ல.

சாதாரண ஷூ கடித்தால் வாடிக்கையாளர் அதை மூலையில் போட்டுவிட்டுச் செருப்பு மாட்டிக்கொள்வார். மலையில் இரண்டாம் நாள் குதிகால் கொப்புளம் உடைந்தால் அவருக்கு அங்கே பஸ்ஸும் இல்லை, ஆட்டோவும் இல்லை. முதுகில் 12 கிலோ சுமையோடு அந்தக் காலாலேயேதான் இறங்கியாக வேண்டும். ஆகவே மலையேற்ற பூட்ஸை மருந்துக் கடைக்காரர் மருந்து கொடுப்பது போல, விசாரித்து, விளக்கிச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

வெறுங்காலோடு வெள்ளியங்கிரி ஏறுகிற நாட்டில் பூட்ஸ் எதற்கு என்று சில நண்பர்கள் கேட்கலாம். பக்தர் கையில் தடியும் சிறு பையும் இருக்கும். சாமி கும்பிட்டு இறங்கிவிடுவார். இவரோ உடை, உணவு, படுக்கை எல்லாவற்றையும் சுமந்துகொண்டு நாலைந்து நாட்கள் நடப்பவர். சுமை ஏற ஏறக் கணுக்காலும் பாதமும் தாங்குவது கடினம். அதற்குத்தான் பூட்ஸ்.

முதலில் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

எங்கே போகிறீர்கள்? எத்தனை நாள், எவ்வளவு சுமை? புறப்படும் தேதி எது? இந்த மூன்றையும் கேட்காமல் அலமாரியில் கை வைக்கக் கூடாது.

ஒரே நாளில் போய்த் திரும்பும் காட்டுப் பாதைக்குப் பிடிப்புள்ள சோல் கொண்ட இலேசான ஷூவே போதும். இரண்டு மூன்று நாள், நடுத்தரச் சுமை என்றால் கணுக்காலை மூடும் துணி கலந்த பூட்ஸ். பல நாள் பயணம், பெரும் சுமை, கல்லும் கரடுமான பாதை என்றால்தான் கெட்டியான முழுத்தோல் பூட்ஸ். காலில் ஏறும் ஒரு கிலோ, முதுகில் ஏறும் ஐந்து கிலோவுக்குச் சமம் என்று மலையேறுவோர் சொல்வார்கள். விலை கூடுதல் என்பதற்காகக் கனமான ஜோடியைத் தள்ளிவிட்டால், அதை அடி அடியாகத் தூக்கி நடக்கப் போவது நாம் அல்ல.

சரக்கை அறிதல்

மேல்பாகம்: மேல்பரப்பு சீவப்படாத முழுத்தோல் நெடுநாள் உழைக்கும், கல் உரசலைத் தாங்கும், ஆனால் காலுக்குப் படிய நாளாகும். தையல் குறைவாக இருந்தால் தண்ணீர் புகும் வழியும் குறைவு. நைலான் துணியும் தோலும் கலந்தது இலேசானது, சீக்கிரம் படியும், சீக்கிரம் உலரும். உழைப்பு சற்றுக் குறைவு. கோர்டெக்ஸ் போன்ற நீர் புகாத உள்சவ்வு மழைக்கும் பனிக்கும் நல்லது. நம் ஊர் வெப்பத்தில் அதுவே காலை வேகவைக்கும். மேலே வாய் வழியாகத் தண்ணீர் புகுந்துவிட்டால் உலரவும் நேரமாகும். இதை வாங்குபவரிடம் சொல்லிவிட வேண்டும்.

அடிப்பாகம்: 1935-இல் இத்தாலிய ஆல்ப்ஸ் மலையில் மோசமான வானிலையில் சிக்கி ஆறு பேர் இறந்தார்கள். அவர்களோடு சென்றிருந்த விட்டாலே பிரமானி, காலில் இருந்த காலணி அந்த மலைக்குப் போதவில்லை என்று கண்டு, ஆழமான பற்கள் கொண்ட ரப்பர் சோலை 1937-இல் உருவாக்கினார். அவருடைய பெயரிலிருந்து வந்ததுதான் விப்ரம். 1954-இல் கே-2 சிகரத்தை முதன்முதலில் எட்டிய இத்தாலியர்கள் அணிந்ததும் இந்தச் சோல்தான். வாடிக்கையாளருக்குச் சோலைத் திருப்பிக் காட்டுங்கள். பற்கள் ஆழமாகவும், இடையே சேறு உதிர்ந்து விழும் அளவுக்கு இடைவெளியோடும் இருக்க வேண்டும். குதிப்பக்கம் தெளிவான படி இருந்தால் இறக்கத்தில் பிடிக்கும்.

விறைப்பு: பூட்ஸின் இரு முனைகளையும் பிடித்து வளைத்துப் பாருங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் மட்டும் வளைய வேண்டும். நடுப்பாதத்தில் வளைந்தால் சுமைக்கு ஆகாது. துணி பிழிவது போல முறுக்கினால் எளிதில் முறுங்கக் கூடாது.

பழைய இருப்பு: ஓர் எச்சரிக்கை

மொத்த வியாபாரியும் சில்லறை வியாபாரியும் சேர்ந்து கவனிக்க வேண்டிய இடம் இது. பல நல்ல பூட்ஸ்களில் அடிச்சோலுக்கு மேலே பாலியூரித்தேன் மெத்தை இருக்கும். இது காற்றிலுள்ள ஈரத்தால் உள்ளுக்குள்ளேயே சிதைந்துகொண்டு வரும். பெட்டியில் பத்திரமாக இருந்தாலும் இந்தச் சிதைவு நிற்காது. சில ஆண்டுகள் கழித்து, வெளியே புத்தம் புதிதாகத் தெரியும் ஜோடி, நடக்க ஆரம்பித்த சில மணி நேரத்தில் பொடிப் பொடியாக உதிர்ந்து, சோல் தனியே கழன்று விழும். வெப்பமும் ஈரமும் நிறைந்த கடற்கரை ஊர்களின் குடோன்களில் இது இன்னும் விரைவாக நடக்கும்.

ஆகவே கொள்முதல் செய்யும்போதே தயாரிப்பு மாதத்தையும் ஆண்டையும் பெட்டியில் பாருங்கள். முதலில் வந்த சரக்கு முதலில் போகட்டும். மூன்று ஆண்டைத் தாண்டிய ஜோடிகளை மெத்தைப் பகுதியில் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். நுண்ணிய வெடிப்பு, பிசுபிசுப்பு, உதிர்வு எது தெரிந்தாலும் அதை ஆடித் தள்ளுபடியில் வைக்காதீர்கள், கழித்துவிடுங்கள். பாதி விலைக்கு விற்றோம் என்று நாம் திருப்திப்படலாம். மலை நடுவில் சோல் இல்லாமல் நிற்பவருக்கு அது பாதி ஆபத்து ஆகாது.

மேலும், 2025 செப்டம்பர் 22 முதல் ஜோடி 2,500 ரூபாய் வரையுள்ள காலணிக்கு 5 சதவீதமும் அதற்கு மேல் 18 சதவீதமும் ஜி.எஸ்.டி. நல்ல மலையேற்ற பூட்ஸ் பெரும்பாலும் இரண்டாவது வகையில்தான் வரும். இதில் முதலீட்டை முடக்காமல், குறைந்த எண்ணிக்கையில் அடிக்கடி வாங்குவதே புத்திசாலித்தனம்.

அளவு பார்க்கும் முறை

செருப்புக்காகக் காலைத் தறிப்பார் உண்டா என்று நம் பெரியவர்கள் கேட்டார்கள். அளவு பார்ப்பதில் பின்வரும் ஒழுங்கைக் கடைப்பிடிக்கவும்.

1. மாலையில் வரச் சொல்லுங்கள். நாள் முழுதும் நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். மலையிலும் அப்படித்தான் இருக்கும்.

2. இரண்டு கால்களையும் நிற்க வைத்து அளவெடுங்கள். பெரும்பாலோருக்கு ஒரு கால் சற்றுப் பெரிது. பெரிய காலுக்குத்தான் பூட்ஸ்.

3. எண்ணை மட்டும் நம்பாதீர்கள். நாம் வழங்கும் ஆங்கில அளவில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 8.5 மி.மீ.; ஐரோப்பிய அளவில் சுமார் 6.7 மி.மீ. ஆண்களுக்கான அமெரிக்க எண் 9, நம் எண் 8-க்கு நெருங்கியது. கம்பெனிக்குக் கம்பெனி கால் அச்சும் மாறும்.

4. மலையில் போடப்போகும் தடித்த சாக்ஸோடு போட்டுப் பார்க்க வேண்டும். பருத்தி சாக்ஸ் வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே கிடந்து கொப்புளம் உண்டாக்கும். கம்பளி அல்லது செயற்கை இழை கலந்ததே ஏற்றது.

5. லேஸ் கட்டும் முன், காலை முன்னே தள்ளி விரல்கள் முனையைத் தொடச் செய்யுங்கள். குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும்.

6. லேஸ் கட்டியபின் நடக்கும்போது குதிகால் மேலே எழும்பக் கூடாது. விரல்கள் தாராளமாக அசைய வேண்டும்.

7. கடையில் சாய்வான பலகை ஒன்று போட்டு வையுங்கள். செலவு அதிகம் ஆகாது. அதில் இறங்கி நடக்கும்போது விரல் முனை பூட்ஸில் இடித்தால் அந்த ஜோடி வேண்டாம். நீண்ட இறக்கத்தில் நகம் கறுத்துப் போவது இதனால்தான்.

"போகப் போக லூஸாகிவிடும்" என்பது நம் கடைகளில் அடிக்கடி கேட்கும் வாக்கியம். தோல் அகலத்தில் சிறிது இளகும், நீளத்தில் வளராது. நீளம் போதாத ஜோடிக்கு இந்தச் சமாதானத்தைச் சொல்லக் கூடாது.

காலுக்குப் பழக்கும் முறை

புது பூட்ஸ் காலைப் பழகுவதற்கு அவகாசம் வேண்டும். துணி கலந்தவற்றுக்கு ஒரு வாரம், முழுத்தோலுக்கு மூன்று நான்கு வாரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

முதல் சில நாட்கள் வீட்டுக்குள் மட்டும் ஒரு மணி, பிறகு இரண்டு மணி நேரம். இந்தக் கட்டத்தில் அளவு சரியில்லை என்றால், சோலில் அழுக்குப் படாத ஜோடியை மறுபேச்சின்றி மாற்றிக் கொடுங்கள். அடுத்து கடைத்தெரு, மாடிப்படி. அதன்பின் ஐந்து கிலோ பையோடு மூன்று நான்கு கிலோமீட்டர். கடைசியாக, முழுச் சுமையோடு ஊருக்கு அருகிலுள்ள குன்றோ கரடோ ஏறி இறங்க வேண்டும். எங்காவது சூடாக உறுத்தினால் அங்கேயே நின்று, கழற்றி, பிளாஸ்டர் ஒட்ட வேண்டும். கொப்புளம் வந்தபின் ஒட்டுவது வெள்ளம் வந்தபின் அணை போடுவது.

தண்ணீரில் ஊறவைப்பது, அடுப்போரம் காய வைப்பது, எண்ணெயில் குளிப்பாட்டுவது ஆகிய குறுக்கு வழிகள் வேண்டாம். வெப்பம் தோலைச் சுருக்கும், ஒட்டுப்பசையை விடுவிக்கும். மிகுந்த எண்ணெய் தோலைத் தொளதொளக்க வைத்துவிடும். நனைந்தால் செய்தித்தாளைத் திணித்து, அடிக்கடி மாற்றி, நிழலில் உலர்த்தி, தோலுக்குரிய மெழுகை மெல்லப் பூசினால் போதும். இந்தக் குறிப்புகளைச் சிறு தாளில் அச்சிட்டு ஒவ்வொரு பெட்டியிலும் வைக்கலாம்.

நாளைக்கே பயணம் என்பவர்

இவர்தான் நமக்கு வைக்கப்படும் பரீட்சை. பையில் பணத்தோடு வந்து, இருப்பதிலேயே கெட்டியான முழுத்தோல் பூட்ஸைக் கேட்பார். கொடுத்தால் பில் பெரிதாகும். ஆனால் பழகாத அந்தப் பூட்ஸ் அவருடைய பயணத்தையே கெடுத்துவிடும். பாதை எளிது என்றால், "ஏற்கெனவே பழகிய ஷூவோடு போங்கள், நல்ல சாக்ஸும் ஒரு பிளாஸ்டர் சுருளும் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லுங்கள். பூட்ஸ் அவசியம் என்றால் துணி கலந்த இலேசான ஜோடியைக் கொடுத்து, விவரத்தையும் சொல்லுங்கள்.

அன்றைய கல்லாவில் சில ஆயிரம் குறையலாம். மலையிலிருந்து காலில் காயமின்றித் திரும்பியவர் அடுத்த பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே நம் கடைப் படி ஏறுவார். கூட நாலு பேரை அழைத்தும் வருவார். அப்படி வருபவர்களை நம்பித்தான் காலணிக் கடை நிற்கிறது.