கல் கூறும் வரலாறு

அழிந்த நகரொன்றின் வரலாற்றை அதன் இடிபாடுகளில் மட்டும் தேடுதல் போதாது. அயலிலுள்ள பிற்காலக் கட்டடங்களிலும் தேடல் வேண்டும். இதற்கு இங்கிலாந்தின் ஷ்ரொப்ஷயர்ப் பகுதியிலுள்ள உரொக்சீற்றர் என்னுஞ் சிற்றூர் தக்க சான்றாகும்.

செவேண் நதிக்கரையிலுள்ள இவ்விடத்தில் உரோமர் கி. பி. முதலாம் நூற்றாண்டிற் படையரண் ஒன்றை அமைத்தனர். படை அகன்றபின் அதுவே விரோக்கோனியம் என்னும் நகராயிற்று. உரோமப் பிரித்தானியாவின் பெருநகர்களுள் இது நான்காவதென்பர். 1859 இல் தொடங்கிய அகழ்வினால் நீராட்டு மண்டபங்கள் வெளிப்பட்டன. அங்கே சுவரொன்று ஏறத்தாழ 7 மீற்றர் உயரத்திற்கு இன்றும் நிற்கின்றது. நகரின் பெரும்பகுதியோ வயல்களின் கீழ் அகழப்படாது கிடக்கின்றது.

மேலே நின்ற கட்டடங்களின் கற்கள் எங்கே சென்றன? அருகிலுள்ள தூய அந்திரேயா தேவாலயத்தை நோக்குவோம். ஆங்கிலோ சாக்சனியர் காலத்ததாகிய அதன் வடசுவரிலே உரோமர் செதுக்கிய பெருங்கற்களைக் காண்கின்றோம். உரோமத் தூணொன்றின் அடிக்கல் குடையப்பெற்று ஞானஸ்நானத் தொட்டியாயிற்று. முற்றத்து வாயிலின் இருமருங்கும் உரோமத் தூண்களே நிற்கின்றன.

கல்லெடுத்தோரைப் பழித்தல் எளிது. ஆயினும், அவர் எடுத்தாண்ட கற்களே நகரின் ஒரு பகுதியை நம் கண்முன் நிறுத்துகின்றன. பழைமையைக் காணும் வேட்கையாற் பிற்காலத்ததைத் தகர்ப்போமாயின் இரண்டையும் இழப்போம். வழக்கமான வழிபாடு நின்றபின் இத்தேவாலயமும் பேணற்குரிய தொல்பொருளாகிவிட்டது. ஒரு காலத்தைக் காத்தற்கு மறுகாலத்தை அழித்தல் வரலாற்றுணர்வாகாதென்பதை மாணவர் மனங்கொள்வாராக.