பன்னிரண்டு சிலிண்டரும் ஒரு செட் பரோட்டாவும்

அன்பு மருமகனுக்கு,

நீ அனுப்பிய செய்தியை இரண்டு தடவை படித்தேன். லம்போர்கினி தன் ஹுராக்கானின் பத்து சிலிண்டர் எஞ்சினை எடுத்துவிட்டு, அதன் இடத்துக்கு வந்த டெமராரியோவில் எட்டு சிலிண்டரை வைத்த பாவத்தை ரசிகர்கள் மன்னிக்கப் போவதில்லை. லம்போர்கினி அடுத்த மாடலில் வி10-ஐத் திரும்பக் கொண்டுவந்தே தீரும். நம் ஊரில் விலையும் நாலு கோடிக்குள் நிற்கும். இதுதானே உன் கணிப்பு? கூடவே பந்தயத்துக்கும் கூப்பிட்டிருக்கிறாய். உன் அம்மாவிடம் சொல்லிவிடாதே, உன் வயதில் எனக்கும் இந்தப் பைத்தியம் இருந்தது. ஒரு பந்தயத்தில் தோற்றும் இருக்கிறேன். முதலில் அந்தக் கதை.

1989. பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம். பழைய பேப்பர் கடையில் எடைக்கு வந்திருந்த ஆங்கிலக் கார் பத்திரிகை ஒன்று ஒரு ரூபாய்க்குக் கிடைத்தது. நடுப்பக்கம் முழுக்க ஒரு வெள்ளி நிறக் கார்: ஜாகுவார் எக்ஸ்ஜே220. முந்தைய வருடம் அக்டோபரில் பர்மிங்காம் கண்காட்சியில் வைத்த மாதிரி வண்டி அது. ஜிம் ராண்டில் என்ற பொறியாளரும் அவருடைய சகாக்களும் வேலை நேரம் போக மிச்ச நேரத்தில், கூடுதல் சம்பளம் இல்லாமல், ஆசைக்காகக் கட்டியது. அந்தக் குழுவுக்கே 'சனிக்கிழமை சங்கம்' என்றுதான் பெயர். 6.2 லிட்டர் வி12 எஞ்சின். நான்கு சக்கரங்களுக்கும் இழுவை. கத்தரிக்கோல் விரிவதுபோல மேலே தூக்கித் திறக்கும் கதவுகள். பெயரில் உள்ள 220, மணிக்கு 220 மைல் என்ற இலக்கைச் சொல்வது.

அந்தப் படத்தை ஹாஸ்டல் சுவரில் ஒட்டினேன். அறை நண்பன் அதை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "இது கண்காட்சிக்குக் கட்டினது. ரோட்டுக்கு வரும்போது இந்த எஞ்சின் இருக்காது" என்றான். ஒரு செட் பரோட்டா பந்தயம்.

அந்த டிசம்பரிலேயே, காரைத் தயாரிக்கப் போவதாக ஜாகுவார் அறிவித்தது. வரி நீங்கலாக 2,90,000 பவுண்டு. அட்வான்ஸ் மட்டும் 50,000 பவுண்டு. கட்டப்போவது அதிகபட்சம் 350 வண்டிகள். முன்வந்தவர்களோ சுமார் 1,500 பேர். அத்தனை பேருக்கும் கார் மேல் காதலா என்றால் இல்லை. 1988 ஆகஸ்டில் என்சோ ஃபெராரி காலமான பிறகு ஃபெராரி எஃப்40-ஐக் கையில் வைத்திருந்தவர்கள் சொன்னதே விலை என்ற நிலை. காகிதத்தில் இடம் பிடித்து, வண்டி வந்ததும் இரட்டிப்பு விலைக்குத் தள்ளிவிடலாம் என்று கணக்குப் போட்டவர்கள் அந்த வரிசையில் ஏராளம். நிலத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் பத்திரம் பதிவதற்குள் இன்னொருவருக்குக் கைமாற்றுவதை நீ பார்த்திருப்பாய். அதே வியாபாரம், நான்கு சக்கரத்தில்.

1992-ல் வண்டி வந்தது. எஞ்சினில் ஆறே சிலிண்டர்! எம்ஜி மெட்ரோ 6ஆர்4 என்ற ராலி காரின் எஞ்சினை அடிப்படையாகக் கொண்ட 3.5 லிட்டர் வி6, இரண்டு டர்போவுடன். வி12 கனமானது, நீளமானது, மாசு விதிகளுக்குள் அதை அடக்குவதும் கடினம். நான்கு சக்கர இழுவையும் போயிற்று. கதவு சாதாரணக் கதவு. விலை மட்டும் ஏறியிருந்தது, 4,70,000 பவுண்டு வரை. பணவீக்கத்தோடு சேர்ந்து உயரும் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி இருந்ததாம். அட்வான்ஸ் கட்டிய அவசரத்தில் யார் அதைப் படித்தார்கள்? அதற்குள் பிரிட்டனில் பொருளாதாரம் படுத்துவிட்டது. கைமாற்றி விற்க ஆள் இல்லை. வாங்க மறுத்துச் சிலர் கோர்ட் படி ஏறினார்கள். சிலர் பணத்தைக் கொடுத்து ஒப்பந்தத்திலிருந்து கழன்றார்கள். கடைசியில் கட்டப்பட்டவை 300-க்கும் குறைவு.

நண்பன் என்னைத் தேடி வந்து பரோட்டா சாப்பிட்டுவிட்டுப் போனான்.

ஆனால் நாங்கள் இருவருமே பந்தயம் கட்ட மறந்த விஷயம் ஒன்று உண்டு. அதே 1992-ல் இத்தாலியின் நார்தோ சோதனைத் தளத்தில், பந்தய வீரர் மார்ட்டின் பிரண்டில் ஓட்ட, அந்த ஆறு சிலிண்டர் வண்டி மணிக்கு 341 கிலோமீட்டரைத் தாண்டியது. மெக்லாரன் எஃப்1 வரும்வரை உலகத்தில் அதைவிட வேகமாக ஓடும் விற்பனைக் கார் கிடையாது. சிலிண்டரை எண்ணியவர்கள் ஏமாந்தார்கள், ஓட்டியவர் ஏமாறவில்லை.

வராத மாடலைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் எண்ணிக்கையையே பிடித்துத் தொங்குகிறார்கள். எத்தனை சிலிண்டர், எத்தனை குதிரைத்திறன், எத்தனை கோடி. அந்த எண்கள் எங்கிருந்து பிறக்கின்றன என்று நீ பார்க்கவேண்டும். பல தடவை அவை தொழிற்சாலையில் பிறப்பதே இல்லை.

ஃபெராரியையே எடுத்துக்கொள். ஒரு காலத்தில் இத்தாலியில் 2 லிட்டருக்கு மேற்பட்ட எஞ்சின் உள்ள காருக்கு 38% வரி; அதற்குக் கீழே என்றால் ஏறக்குறைய அதில் பாதி. அதனால் 1980-ல் ஃபெராரி தன் 308 மாடலின் எஞ்சினைச் சுருக்கி, 2 லிட்டருக்குள் அடங்கும் 208 என்ற காரை உள்ளூருக்கு விற்றது. எட்டு சிலிண்டர், ஆனால் 155 குதிரைத்திறன்தான். பார்க்கப் புலி, ஓட்டினால் பூனை. அவமானம் தாங்காமல் 1982-ல் அதற்கு ஒரு டர்போ வைத்தார்கள். 220 குதிரைத்திறன் வந்தது. சாலைக்கு வந்த முதல் டர்போ ஃபெராரி அதுதான். பிறகு 1984-ல் 288 ஜிடிஓ, 1987-ல் எஃப்40 எல்லாம் டர்போவோடு வந்தன. இன்று ரசிகர்கள் தொட்டுக் கும்பிடும் எஃப்40-யின் வம்சத்தில் முதல் ஆள், வரிக்குப் பயந்து பிறந்த ஒரு சோனிக் குழந்தை.

டர்போ என்ன செய்கிறது என்பது உனக்குத் தெரியும். வெளியே போகும் புகையின் விசையில் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதைக்கொண்டு கூடுதல் காற்றை உள்ளே அமுக்குகிறது. சின்ன எஞ்சினிலிருந்து பெரிய எஞ்சினின் வேலையை வாங்கலாம். குறை, மிதித்தவுடன் பாயாது. சக்கரம் சுழன்று அழுத்தம் ஏற ஒரு நொடி தயங்கும். சத்தமும் அமுங்கும். 2009-ல் வந்த ஃபெராரி 458 டர்போ இல்லாமல் நிமிடத்துக்கு 9,000 சுற்றுவரை பாடும். 2015-ல் அதன் இடத்துக்கு வந்த 488 டர்போவோடு வந்தபோது, ரசிகர்கள் இழவு வீட்டில் உட்கார்ந்ததுபோல எழுதினார்கள். ஆனால் 570 குதிரைத்திறன் 670 ஆனது. ஐரோப்பாவில் கரியமில வாயுவைக் கட்டுப்படுத்தும் விதிகள் ஆண்டுக்கு ஆண்டு இறுகியபோது, பெரிய எஞ்சினைப் பெரிதாகவே வைத்திருக்க வழியில்லை. 2021-ல் வந்த 296 ஜிடிபி-யில் ஆறு சிலிண்டரும் ஒரு மின் மோட்டாரும். இரண்டும் சேர்ந்து 830. டர்போ தயங்கும் அந்த ஒரு நொடியை மோட்டார் நிரப்பிவிடுகிறது.

இந்தப் படிக்கட்டை வரிசையாகப் பார்த்திருந்தால், 2024 அக்டோபரில் வந்த எஃப்80-யில் வி6 இருந்தது யாருக்கும் அதிர்ச்சியாக இருந்திருக்காது. அதற்கு முந்தைய எஃப்50, என்சோ, லாஃபெராரி மூன்று கார்களிலும் வி12 இருந்ததே என்றுதான் பலர் வாதிட்டார்கள். அதே ஃபெராரி 2023-லும் 2024-லும் லெமான் பந்தயத்தை வி6 ஹைப்ரிட் காரில் ஜெயித்ததை ஏனோ கணக்கில் சேர்க்கவில்லை. ஜெயித்த எஞ்சினின் வழித்தோன்றலைத்தானே எந்தக் கம்பெனியும் விற்கும்? 1,200 குதிரைத்திறன், வரியோடு சுமார் 36 லட்சம் யூரோ, 799 வண்டிகள். திட்டிக்கொண்டே இருந்தார்கள், அத்தனை வண்டிகளுக்கும் ஆள் குறிக்கப்பட்டுவிட்டது. வி12 செத்துப்போய்விட்டதா என்றால் அதுவும் இல்லை. அதே வருடம் மே மாதம் 12சிலிண்ட்ரி என்று பெயரிலேயே சிலிண்டரைச் சொல்லி, டர்போ இல்லாத 6.5 லிட்டர் வி12 காரையும் ஃபெராரி வெளியிட்டது. அது வேறு வாடிக்கையாளருக்கு.

இப்போது உன் லம்போர்கினிக்கு வருகிறேன். ஹுராக்கானின் 5.2 லிட்டர் வி10 தனிப்பிள்ளை இல்லை. அதே குடும்பத்து எஞ்சின்தான் ஆடி ஆர்8-லும் ஓடியது. செலவை இரண்டு வீடு பங்கிட்டுக்கொண்டன. 2024-ல் ஆர்8 தயாரிப்பு நின்றது. ஒற்றைக் காருக்காக அந்தப் பழைய எஞ்சினைப் புதிய மாசு விதிகளுக்கு ஏற்றபடி திருத்த யார் பணம் போடுவார்கள்? இதைவிடப் பெரிய தடயம் ஒன்று எல்லார் கண்முன்னும் கிடந்தது. எல்லா மாடல்களையும் 2024 முடிவுக்குள் ஹைப்ரிட் ஆக்கப்போவதாக 2021 மே மாதமே லம்போர்கினி அறிவித்திருந்தது. மூன்று வருடம் வதந்தி படித்தவர்கள் அந்த ஓர் அறிவிப்பைப் படித்திருந்தால் போதும்.

நீ கேவலமாகப் பேசும் அந்த வி8-ஐக் கொஞ்சம் நிதானமாகப் பார். 4 லிட்டர், இரண்டு டர்போ. டர்போ எஞ்சின் என்றால் 7,000, 8,000 சுற்றில் மூச்சு வாங்கும் என்பது வழக்கம். இது 10,000 சுற்றுவரை போகிறது. அந்த வேகத்தில் பிஸ்டனைப் பிடித்திருக்கும் கனெக்டிங் ராடு சாதாரண இரும்பில் இருந்தால் தாங்காது என்று டைட்டானியத்தில் செய்திருக்கிறார்கள். எஞ்சின் மட்டும் 800 குதிரைத்திறன், மூன்று மோட்டார்களோடு சேர்த்து 920. ஹுராக்கான் அதிகபட்சம் தந்தது 640. எனக்கும் ஒரு குறை உண்டு: எடை. எண்ணெய், தண்ணீர் இல்லாமலே 1,690 கிலோ. ஹுராக்கான் ஈவோவைவிட 250 கிலோவுக்கு மேல் அதிகம். பேட்டரியைச் சுமக்கிற கூலி அது. திட்டுவதாக இருந்தால் அதைத் திட்டு, ஒத்துக்கொள்கிறேன்.

விலையைப் பற்றி நீ எழுதியதுதான் எனக்குச் சிரிப்பு. ஹுராக்கான் ஈவோ 2019-ல் இந்தியாவுக்கு வந்தபோது எக்ஸ்-ஷோரூம் 3.73 கோடி. 2025 ஏப்ரலில் டெமராரியோ 6 கோடி. அடுத்தது நாலுக்கு இறங்குமா? கணக்கை ஒரு காகிதத்தில் போட்டுப் பார். துறைமுகத்தில் இறங்கும்போது வண்டி மதிப்பு 100 ரூபாய் என்று வை. 2025 நிலவரப்படி சுங்கமும் கூடுதல் தீர்வையுமாக 110%, 210 ஆயிற்று. அதன்மேல், அந்தச் செப்டம்பரில் மாற்றிய கணக்கின்படி, ஜிஎஸ்டி 40%, 294. இதற்கு மேல்தான் டீலர் லாபம். பிறகு தமிழ்நாட்டில் பதிவு செய்தால் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20%. ஆறு கோடிக்கு ஒரு கோடியே இருபது லட்சம். பெரிய கார்கள் ஏன் புதுச்சேரி நம்பரோடு அலைகின்றன என்று நீ ஒருதரம் கேட்டாயே, இதுதான் விஷயம். ஆகவே இந்திய விலையை ஊகிக்கிறவன் லம்போர்கினியின் சாந்த்'அகாதா தொழிற்சாலையைப் பார்ப்பதைவிட டெல்லி பட்ஜெட்டைப் பார்ப்பது நல்லது.

அந்தத் தொழிற்சாலை வைக்கும் விலையும் செலவிலிருந்து வருவதில்லை. கட்டினால் எத்தனை ரூபாய் ஆகும் என்பது ஒரு பக்கம். வரிசையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது இன்னொரு பக்கம். சந்தை கேட்பதைவிட ஒரு வண்டி குறைவாகக் கட்ட வேண்டும் என்று என்சோ ஃபெராரி பெயரில் ஒரு சொல் வழங்குகிறது. வரிசை நீளமாக இருக்கும்வரை விலை ஏறும். எக்ஸ்ஜே220-க்கு வந்த கதிபோல வரிசை ஒரே இரவில் கலையவும் செய்யும். பல ஆண்டுகளுக்கு அந்த ஜாகுவாரின் மறுவிற்பனை விலை, புதிதாக விற்ற விலையில் பாதிகூடத் தேறவில்லை. மெக்லாரன் எஃப்1-ஐப் பார், மொத்தம் 106 தான். அதில் ஒன்று 2021-ல் கலிபோர்னியா ஏலத்தில் 2 கோடி டாலரைத் தாண்டிப் போயிற்று. இரண்டும் ஒரே காலத்து வண்டிகள். எது ஏறும், எது இறங்கும் என்று அன்றைக்குச் சொன்னவர்கள் இருந்தால் அவர்களிடம் ஜாதகம் பார்க்கலாம்.

திருட்டுத்தனமாக எடுத்த சோதனை வண்டிப் படங்களை அனுப்பியிருந்தாய். வடிவத்தை மறைக்க ஒட்டிய கறுப்பு வெள்ளைச் சுருள் கோடுகளைப் பார்த்து மூக்கு எப்படி, விளக்கு எப்படி என்று ஆராய்வதில் பிரயோஜனம் இல்லை. ஜெர்மனியின் நூர்பர்கிரிங் தடத்தில் ஓடும் வண்டியா, அப்படியானால் கண்ணாடியில் சின்ன மஞ்சள் ஸ்டிக்கர் இருக்கிறதா என்று தேடு. உள்ளே உயர்மின்னழுத்தப் பேட்டரி இருக்கிறது, விபத்து நடந்தால் மீட்க வருகிறவர்கள் எச்சரிக்கையாக இருக்கட்டும் என்பதற்காக ஒட்டுவது. வடிவத்தை மறைக்கலாம், அந்த ஸ்டிக்கரை மறைக்க முடியாது. அதேபோலப் பதிவு செய்யப்பட்ட பெயர்களை நம்பாதே. பெயரைப் பூட்டி வைப்பதற்கே கம்பெனிகள் பதிவதுண்டு.

நிறுவனமே சொன்னாலும் தேதியை நம்பாதே. மெர்சிடிஸ், ஃபார்முலா ஒன் எஞ்சினையே ரோட்டுக் காரில் வைக்கிறேன் என்று 2017-ல் ஏஎம்ஜி ஒன்னைக் காட்டியது. பந்தய எஞ்சின் சும்மா நிற்கும்போதே 5,000 சுற்று சுழலும். ரோட்டில் சிக்னலில் நின்றால் அந்தச் சத்தத்தையும் புகையையும் எந்த அரசாங்கம் அனுமதிக்கும்? அதை 1,200 அளவுக்குத் தணித்து, புகையும் விதிக்குள் அடங்கி, முதல் வாடிக்கையாளர் கைக்கு வண்டி போனபோது 2023 ஆகிவிட்டது. லம்போர்கினியின் மின்கார் லான்சடோரையும் 2023-ல் காட்டி 2028 என்றார்கள். அடுத்த வருடமே 2029 என்றார்கள்.

ஊகிப்பதை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. எனக்கே அது இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை போகாது. ஒரு நோட்டில் தேதி போட்டு உன் கணிப்பை எழுதி வை, பக்கத்தில் காரணத்தையும் எழுது. எந்த விதி, எந்த வரி, எந்தக் கூட்டாளி, எந்தப் பந்தயம் என்று. "ரசிகர்கள் விரும்புகிறார்கள்" என்பதைக் காரணமாக எழுதாதே.

பந்தயம் ஏற்றேன். டெமராரியோவுக்கு அடுத்து வரும் காரில் வி10 இருந்தால் பரோட்டா என் செலவு. இல்லையென்றால் உன் செலவு, அப்போது நீ சம்பாதிக்க ஆரம்பித்திருப்பாய். நாலு கோடி விலைக்குத் தனியாக ஒரு ஆம்லெட் வைக்கிறேன். நோட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டு, போட்டோ எடுத்து அனுப்பு.

அன்புடன்,
உன் மாமா