கார்ப்பரேட் வேலையும் கல்யாண வாழ்க்கையும்

கேள்வி: கார்ப்பரேட் சட்ட நிறுவனத்தில் வழக்கறிஞராக இருக்கிறேன். பல நாள் வீடு திரும்பவே நள்ளிரவாகிறது. தை மாதம் காதலித்தவரையே கைப்பிடிக்கிறேன். இந்த வேலையோடு குடும்பம் நடத்த முடியுமா?
- வாசகி, கிழக்கேகோட்டை, திருவனந்தபுரம்

பதில்: தாராளமாக முடியும் சகோதரி. பெண்கள் வேலைக்குப் போனால் இல்லறம் கெடும் என்ற வாதத்துக்கு 1928-லேயே உங்கள் ஊர் மேடையில் பதிலடி கொடுத்தவர் அன்னா சாண்டி. காவல்துறை அதிகாரியை மணந்த அவர், 1937-ல் திருவிதாங்கூரில் முன்சீப், 1959-ல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி.

உங்கள் துறையின் நெருக்கடிகளில் பாதி, நாள் சொல்லிவிட்டே வருபவை. மார்ச்சில் நிதியாண்டு முடிவு. செப்டம்பர் 30-க்குள் ஆண்டுப் பொதுக்கூட்டங்கள். அதன்பின் 30, 60 நாள் கெடுவில் தாக்கல்கள். இந்த நாட்களை இப்போதே வருங்காலக் கணவரிடம் சொல்லிவிடுங்கள். காரணம் தெரிந்த காத்திருப்பு மனதில் கசப்பாகத் தங்காது. வாரத்தில் ஒரு மாலையை, கட்சிக்காரர் சந்திப்பைப் போலவே அலுவலக நாட்காட்டியில் பதிந்துவிடுங்கள். பத்மதீர்த்தக் குளத்தைச் சுற்றி இருவரும் பேசிக்கொண்டு நடந்தாலே போதும். செல்பேசி மட்டும் வீட்டில் இருக்கட்டும்.

இன்னொன்று: நீங்கள் சம்பளப் பணியாளரா, ஒப்பந்தக் கட்டணத்தில் பணிபுரியும் ரீட்டெய்னரா என்று பாருங்கள். ரீட்டெய்னர் என்றால் சட்டம் தரும் 26 வார மகப்பேறு விடுப்பு தானாகக் கிடைக்காது. ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

சமையல், பெற்றோர் கவனிப்பு, குழந்தை எல்லாவற்றிலும் யாருக்கு என்ன பங்கு என்பதைத் தாலி ஏறும் முன்பே பேசிவிடுங்கள். ஊருக்கெல்லாம் ஒப்பந்தம் எழுதித் தரும் உங்களுக்கு இது கைவந்த கலைதானே! மனமார்ந்த திருமண வாழ்த்துகள்.