சிந்தாத மின்பகுளி: மின்கலப் பாடத்திற்கு ஒரு செயல்பாடு

"மின்பகுளி என்றால் என்ன?" என்று கேட்டால், "பேட்டரியில் ஊற்றும் ஆசிட் தண்ணீர்" என்பார்கள் மாணவர்கள். சாத்தாங்காடு இரும்புச் சந்தைக்கு வரும் லாரிகளைப் பார்த்து வளரும் எங்கள் பிள்ளைகளிடம் இந்த விடை இயல்பானதே. ஆனால் அதோடு நிறுத்தினால், சிந்தாத பேட்டரியில் ஆபத்தே இல்லை என்று எண்ணிவிடுவார்கள். மின்பகுளிக்குத் தேவை நகரக்கூடிய அயனிகள். ஓடும் நீர் அன்று. இதைப் பின்வரும் செயல்பாட்டால் உணர்த்தலாம்.

செயல்பாடு: 200 மி.லி. நீரில் இரண்டு தேக்கரண்டி சைனா கிராஸ் தூளை ஆசிரியரே காய்ச்சி, இரு கிண்ணங்களில் ஊற்றவும். ஒன்றில் மட்டும் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவைக் கலக்கவும். (உப்பைப் பயன்படுத்தினால் குளோரின் வாயு வெளிவரும், தவிர்க்கவும்.) உறைந்ததும், இருமுனையும் சீவிய இரு பென்சில்களை 2 செ.மீ. இடைவெளியில் செருகவும். 9 வோல்ட் பேட்டரி, 470 ஓம் மின்தடை, சிவப்பு எல்.இ.டி. ஆகியவற்றைத் தொடராக இணைக்கவும். சோடா கலந்த கிண்ணத்தில் விளக்கு நன்கு ஒளிரும். மற்றதில் எரியாது, அல்லது மங்கலாக எரியும். குழாய் நீரிலும் சிறிதளவு அயனிகள் இருப்பதே அதற்குக் காரணம். கிண்ணத்தைச் சாய்த்தும் காட்டுங்கள்.

விளக்கம்: ஜெல் என்பது நுண்ணிய வலைப்பின்னல். அதன் இடைவெளிகளில் தங்கிய நீரில் அயனிகள் நகர்கின்றன. ஜெல் பேட்டரியில் கந்தக அமிலத்துடன் சிலிக்கா நுண்தூளைக் கலந்து இவ்வாறே இறுகச் செய்கிறார்கள். அமிலமும் ஈயமும் உள்ளேதான் இருக்கின்றன.

அடுத்த படி: நீரே இல்லாத மின்பகுளி உண்டா? உப்பை உருக்கினால் கிடைக்கும். ஆனால் சமையல் உப்பு உருக 801 °C தேவை. அயனிகள் பெரியனவாகவும் சீரற்ற வடிவிலும் இருந்தால் நெருங்கி அடுக்க முடியாது. ஈர்ப்பு குறையும், உருகுநிலையும் தாழும். 12 °C-லேயே உருகும் எத்தில் அம்மோனியம் நைட்ரேட்டைப் பற்றி 1914-ல் பால் வால்டன் வெளியிட்டார். இத்தகையவையே அயனித் திரவங்கள். லித்தியம் அயனி பேட்டரிகளில் வழக்கமாக உள்ள கரிமக் கரைப்பான்கள் தீப்பற்றக்கூடியவை. அயனித் திரவங்களில் பல எளிதில் ஆவியாவதில்லை, தீப்பற்றுவதும் அரிது. ஆனால் அவை பிசுபிசுப்பானவை, அயனிகள் மெதுவாக நகரும், விலையும் அதிகம். நம் காரைக்குடியில் 1953 முதல் இயங்கும் சிக்ரி நிறுவனத்திலும் பேட்டரி மின்பகுளிகள் பற்றிய ஆய்வுகள் நடைபெறுகின்றன.

மதிப்பீடு: 1. ஜெல்லை முற்றிலும் உலர்த்தினால் விளக்கு எரியுமா? ஏன்? 2. சிந்தாத பேட்டரியை உடைத்துப் பார்க்கலாமா?

இரண்டாம் வினாவுக்கு "கூடாது" என்ற விடை மட்டும் போதாது; காரணத்தையும் மாணவர் சொல்ல வேண்டும். அதைச் சொல்லத் தெரிந்த பிள்ளை, வீட்டுக்கு வரும் பழைய பேட்டரியின் அருகில் தம்பி தங்கையையும் விடாது.